முதற் படி எங்கே? ஓல்மி, ராய் படங்களில் வேலை தேடும் இளைஞன்

"பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்" என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. படித்து முடித்து முதன்முறையாக வேலை தேடும் இளைஞரின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது. அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம். 'ஆட்கள் தேவை' விளம்பரங்களில் கடைநிலை எழுத்தர் பணிக்குக்கூட 'முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பெருமூச்செறியாத குடும்பம் நம் பங்குகளில் அரிது.

வேலையின்மையைக் கருவாகக் கொண்ட கதைகளும் திரைப்படங்களும் பல. 1980இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' தமிழர் பலரும் அறிந்தது. ஆயின் இத்தகைய படைப்புகளுள் பெரும்பாலானவை பசியையும் சினத்தையும் காட்டும் அளவுக்கு, வேலைக்குள் நுழையும் அந்த வாயிலை நின்று நோக்குவதில்லை. தேர்வு அறையையும், நேர்காணல் மேசையையும், காத்திருக்கும் நடைவழியையும் கூர்ந்து நோக்கிய இரு படங்களை இங்கு ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று இத்தாலிய இயக்குநர் எர்மான்னோ ஓல்மியின் 'இல் போஸ்தோ' (1961). மற்றது சத்யஜித் ராயின் வங்கப் படமான 'பிரதித்வந்தி' (1970).

மிலான் நகரில் ஓர் இடம்

ஓல்மி (1931-2018) வட இத்தாலியின் பெர்கமோ பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். 1978இல் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசை வென்ற அவருடைய 'மரக்காலணி மரம்', 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. இளமையில் அவர் மிலானில் ஒரு மின் நிறுவனத்தின் ஊழியராக இருந்தார். அந்நிறுவனத்துக்காகச் செய்திப் படங்களை எடுத்தே திரைக்கலையைக் கற்றார். ஒன்றும் அறியாதவனாக உள்ளே நுழைந்து, வேலையின் நடுவிலேயே தொழிலைக் கற்ற ஒருவர் எடுத்த படம் இது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இத்தாலிய மொழியில் 'போஸ்தோ' என்ற சொல் இடத்தையும் குறிக்கும், வேலையையும் குறிக்கும். தமிழிலும் 'இடம் காலியாக இருக்கிறது' என்கிறோம் அல்லவா? நகருக்கு வெளியே தொழிலாளர் குடும்பம் ஒன்றில் வளர்ந்த தொமேனிகோ, மிலானிலுள்ள ஒரு பெரும் நிறுவனத்தின் தேர்வுக்கு வருகிறான். கொடுக்கப்படும் கணக்கு பெரியதன்று. அதன் பின் உடற்பரிசோதனை. அதன் பின் மனநிலையை அறியும் விந்தையான வினாக்கள். அந்த ஒரு நாளில் அந்தோனியெத்தா என்னும் பெண்ணுடன் அறிமுகம் உண்டாகிறது. இருவரும் தயக்கத்தோடு ஒரு கடையில் காப்பி அருந்துகின்றனர். படத்தின் ஈரமான பகுதி இதுவே.

தொமேனிகோ தேர்வு பெறுகிறான். ஆனால் எழுத்தர் இடம் காலியில்லை. ஆதலால் முதலில் கடைநிலை ஏவலாளாக அமர்த்தப்படுகிறான். பின்னர் எழுத்தர் ஒருவர் இறந்துபோகிறார். இரவுகளில் யாருக்கும் தெரியாமல் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய மேசை காலியானதால்தான் இவனுக்கு 'இடம்' கிடைக்கிறது. முன்வரிசையில் அவனை அமர்த்தியதும், பல்லாண்டுகள் பின்வரிசையில் காத்திருந்த ஊழியர் முறையிடுகிறார். எல்லாரும் ஒவ்வொரு மேசையாக முன்னே நகர, இளைஞன் வெளிச்சம் குறைந்த கடைசி மேசைக்குப் போகிறான். நகலெடுக்கும் பொறியின் ஓசை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது; அவன் முகம் திரையில் நிற்கிறது; படம் முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நிறுவனம் அவனிடம் முன் அனுபவம் கேட்கவில்லை. தெரியாதவன் என்பதை அறிந்தே அவனை எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக அவனுடைய வாழ்நாள் முழுவதையும் கேட்கிறது. வேலை கிடைத்த மகிழ்ச்சியையும், கிடைத்தது இதுதானா என்ற திகைப்பையும் ஒரே முகத்தில் காட்டியது ஓல்மியின் வெற்றி.

கல்கத்தாவில் ஒரு வினா

ஓல்மியின் நாயகனுக்குக் குறைந்தது கடைசி மேசையேனும் இருந்தது. ராயின் நாயகன் சித்தார்த்தனுக்கு அதுவும் இல்லை. சுநீல் கங்கோபாத்யாயவின் நாவலைத் தழுவிய இப்படத்தில், தந்தையின் மறைவால் மருத்துவப் படிப்பை இடையில் நிறுத்தியவன் அவன். நேர்காணல் ஒன்றில், கடந்த பத்தாண்டுகளின் மிக முக்கியமான நிகழ்ச்சி எதுவெனக் கேட்கின்றனர். வியட்நாம் போர் என்கிறான். மனிதன் நிலவில் இறங்கியதைவிடவா என்று வியக்கின்றனர். அறிவியல் வளர்ச்சியால் நிலவுப் பயணம் எதிர்பார்க்கத்தக்கதே. எளிய வியட்நாமிய மக்கள் காட்டிய துணிவு எவரும் எதிர்பாராதது என விளக்குகிறான். உடனே, நீ பொதுவுடைமைவாதியா என்ற கேள்வி வருகிறது. வேலை கைநழுவுகிறது.

இந்தக் காட்சியைப் புகழ்வோர் பலரும் இதன் அரசியலையே பேசுவர். நான் காண்பது வேறு. அந்தப் பணிக்கும் அந்த வினாவுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. இடங்கள் சிலவாகவும் வந்து நிற்போர் மிகப் பலராகவும் இருக்கும்போது, வினா என்பது தகுதியை அறியும் கருவியாக இருப்பதில்லை. ஆட்களைக் கழிக்கும் சல்லடையாகிவிடுகிறது. இன்றைய விளம்பரங்கள் கேட்கும் 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்பதும் பல வேளைகளில் இத்தகைய சல்லடையே. அந்த வேலையைச் செய்ய இரண்டு ஆண்டுப் பழக்கம் உண்மையில் வேண்டுமா என்று எவரும் ஆராய்வதில்லை. வந்து குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க அது எளிய வழி, அவ்வளவே.

படத்தின் இறுதிப் பகுதியில் இன்னொரு நேர்காணல். வெக்கை மிகுந்த நடைவழியில், போதிய நாற்காலிகளின்றி இளைஞர் காத்துக் கிடக்கின்றனர். ஒருவர் மயங்கி விழுகிறார். காத்திருப்போர் அனைவரும் எலும்புக்கூடுகளாகச் சித்தார்த்தனின் கண்ணுக்குத் தோன்றுகின்றனர். பொறுமையிழந்து உள்ளே பாய்ந்து மேசையைக் கவிழ்க்கிறான். முடிவில், கல்கத்தாவை விட்டுத் தொலைவிலுள்ள பாலூர்காட் என்னும் ஊருக்கு மருந்து விற்பனையாளனாகப் போகிறான்.

இரண்டின் நிறையும் குறையும்

கலை நோக்கில் இரண்டும் உயர்ந்த படைப்புகளே. ஆயினும் குறைகள் இல்லாமலில்லை. மேசையைக் கவிழ்க்கும் காட்சி பார்ப்போரின் மனக்கொதிப்பை ஆற்றிவிடுகிறது. அதனாலேயே அது ஆபத்தானது. நாம் நிறைவோடு எழுந்து செல்கிறோம். நடைவழியில் மயங்கி விழுந்தவர் என்ன ஆனார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். மேலும், அந்த வீட்டில் வேலைக்குச் செல்பவள் சித்தார்த்தனின் தங்கை சுதபா. அவள் ஈட்டும் ஊதியம் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. அவளைச் சுற்றியோ ஐயமும் வம்புப் பேச்சும் சூழ்கின்றன. வேலை கிடைத்த பெண் செலுத்தும் விலையைப் படம் தமையனின் கண்ணாலேயே காண்கிறது. அவளுடைய கண்ணால் காணவில்லை.

ஓல்மியின் படமோ இத்தாலியத் தொழில்வளம் விரைந்து பெருகிய ஆண்டுகளில் பிறந்தது. கற்றுக்குட்டிக்கும் கதவு திறந்த காலம் அது. தேர்வில் தவறியவர்கள் எங்கே சென்றனர் என்பதை அது பின்தொடரவில்லை. ஆனால் அதன் அமைதி நம்மை எளிதில் விடுவதில்லை. கவிழ்க்கப்பட்ட மேசையை நாம் மறந்துவிடக்கூடும். கடைசி மேசையில் அமர்ந்த அந்த முகத்தை மறப்பது கடினம். இரண்டுள் ஆழமானது எது என்று கேட்டால், தயக்கத்துடன் 'இல் போஸ்தோ'வையே சுட்டுவேன்.

ராயும் அந்த மேசைக் காட்சியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் நடுவில் அவர் எடுத்த 'ஜன அரண்யா'வில், பட்டம் பெற்ற சோமநாதன் வேலை கிடைக்காமல் இடைத்தரகனாகிறான். தொழிலின் நெளிவுசுளிவுகளை ஒவ்வொன்றாகக் கற்கிறான். இறுதியில் ஒரு வணிக உத்தரவைப் பெறுவதற்காக, தன் நண்பனின் தங்கையையே ஒருவரின் இச்சைக்கு அழைத்துச் செல்லும் நிலைக்கு இறங்குகிறான். உத்தரவு கிடைத்த செய்தி கேட்டுத் தந்தை ஆறுதலடைகிறார். எல்லாரும் கேட்ட 'அனுபவம்' இப்போது அவனிடம் இருக்கிறது! நேர்மையான வழியில் முதற் படியை மறுக்கும் சமுதாயம், இளைஞருக்கு எத்தகைய அனுபவத்தைக் கற்பிக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான விடை நான் கண்ட திரைப்படங்களில் இல்லை.

கற்பிக்கும் கடன் யாருடையது?

இப்படங்களைக் கண்ட பின் எஞ்சுவது ஒரு வினா: தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுக்கும் செலவை யார் ஏற்பது? நம் கொத்தனார்களும் லேத் பட்டறைக்காரர்களும் இதற்கு நெடுங்காலமாக ஒரு விடை வைத்திருக்கின்றனர். எடுபிடியாக வந்தவன் கைவேலை பழகித் தொழிலாளியாகிறான். அங்கே ஏச்சும் குறைந்த கூலியும் உண்டு. அவற்றைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் தொழில் தெரியாமல் ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.

'இல் போஸ்தோ' வெளிவந்த அதே 1961ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் அதற்குள் சேர்க்கப்பட்டனர். உதவித்தொகையுடன் பழகும் வாய்ப்பை அது அளித்தது. பழகி முடித்தவருக்கு வேலை தந்தாக வேண்டும் என்ற பொதுக் கடமையை விதிக்கவில்லை. அவ்வாறே 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டம், காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அலுவலகம் அனுப்புவோரையே எடுக்க வேண்டுமென்று சொல்லவில்லை. சட்டம் கதவு வரை அழைத்துச் செல்லும். கதவைத் திறப்பது உள்ளே இருப்பவரின் மனம்.

உள்ளே இருப்பவர் வேறு யாரோ அல்லர். கடை வைத்திருப்போரும், அச்சகம் நடத்துவோரும், பள்ளி, மருத்துவமனை நிருவாகங்களில் பொறுப்பு வகிப்போரும் இவ்விதழின் வாசகரிடையே உண்டு. அடுத்த முறை விளம்பரம் எழுதும்போது, அந்த 'முன் அனுபவம்' என்ற சொல் வேலைக்குத் தேவையானதா, நம் வசதிக்குத் தேவையானதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். நம் இளைஞர் மன்றங்களும் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துத் திரையிட்டு, வேலை தேடுவோரையும் வேலை தருவோரையும் ஒன்றாக அமர்த்திப் பேச வைக்கலாம். மேசையின் இரு புறமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசுவது, அந்த இரு நகரங்களின் நேர்காணல் அறைகளிலும் நிகழாமற்போன ஒன்று.