கொக்குக்கு என்ன நிறம்?

திருமங்கலம் வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருப்பீர்கள். அந்த ஊரில் தியாகி விஸ்வநாததாஸுக்கு ஒரு நினைவு இல்லம் இருக்கிறது. 'எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனார்?' என்று விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். '29' என்று பதில் வரும். 'எப்படிப் பாடுவார்?' என்று கேட்டுப் பாருங்கள். மௌனம்தான்!

நான் பி.காம். ஆசாமி. ஐந்தொகையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால் கை பரபரக்கும். தாஸின் தியாகக் கணக்கை எழுதிவிட்டோம். பாட்டுக் கணக்கை அம்போ என்று விட்டுவிட்டோம்.

1886-ல் சிவகாசியில் பிறந்தவர். அவர் கொடிகட்டிப் பறந்தது ஸ்பெஷல் நாடக மேடையில். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகை கிடையாது. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். மேடையில்தான் சந்திப்பே! சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் அவரவர் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடவும் இடம் உண்டு.

அந்த இடத்தில்தான் தாஸ் தேசத்தைக் கொண்டுவந்து வைத்தார். நாடகத்துக்குத் தடை போட 1876-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். ஆனால், நடப்பதோ 'வள்ளி திருமணம்'. முருகன் கதையை எப்படித் தடுப்பது? தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் ஒரு கொக்குப் பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். போலீஸுக்கும் தெரியும்!

கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்யவில்லை பாருங்கள். கதைக்குள் ஏற்கெனவே பறவை இருந்தது. அதன் நிறத்தை மட்டும் சொன்னார். அங்கேதான் அவர் கலைஞர்.

எல்லாப் பாட்டும் இப்படிப் பொருந்துமா என்றால், பொருந்தாது. முருகன் திடீரென்று கதரைப் பற்றிப் பாட ஆரம்பித்தால் வள்ளி பாவம், காத்து நிற்க வேண்டியதுதான். தியாகி என்பதற்காக இதைக் குறையில்லை என்று சொல்ல மாட்டேன்.

லண்டனில் 1885-ல் அரங்கேறிய 'மிகாடோ' இசை நாடகத்தில் ஒரு பட்டியல் பாட்டு உண்டு. அன்றன்றைய பிரமுகர்களைக் கிண்டலடித்து அதில் புது வரி சேர்ப்பது இன்றுவரை வழக்கம். அங்கே வரி சேர்த்தால் சிரிப்பு கிடைக்கும். இங்கே விலங்கு கிடைத்தது.

இன்னொரு விலங்கும் இருந்தது. முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. வெள்ளைக்காரனை எதிர்த்ததைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். நம்மவர்கள் செய்ததை மட்டும் மெல்ல விழுங்கிவிடுகிறோம்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். 'வள்ளி திருமணம்'. மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர், மேடையிலேயே உயிரை விட்டார். வயது 54.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா என்றால் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. அடுத்த தடவை ஆர்மோனியச் சத்தம் கேட்டால், வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கள். பறவை விரட்டும் கட்டம் வரைக்கும் உட்காருங்கள். யாராவது புதுசாக ஒரு வரி சேர்த்துப் பாடினால், கை தட்டுமுன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'இது கதைக்குள் நிற்கிறதா?'

வருஷத்துக்கு ஒரு மாலை போடுவதைவிட, அந்தப் பாடகனுக்கு அதுதான் மரியாதை.