பலகைக் கணினியும் வன்னி மாணவரும்

ஒரு நூலை விமர்சிக்கப் புகுவோர், அதனை எழுதியவர் யார், எவருக்காக எழுதினார், எவர் கைக்கு அது போய்ச் சேருகிறது என்ற வினாக்களை எழுப்புவது வழக்கம். இவ்வினாக்களை ஒரு கருவியிடமும் எழுப்பலாம் என்பது எம் எண்ணம். பலகைக் கணினி என்று நாம் எழுதுகிறோம்; எம் மாணவர் 'டப்' என்பதோடு அமைகின்றனர். 2010ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் ஐபேட்டை வெளியிட்டபோது வன்னி மக்கள் முகாம்களிலிருந்து மீண்டு, தறப்பாள் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கிக்கொண்டிருந்தனர். எங்கள் பக்கத்து வீடுகளுள் அக்கருவி நுழைந்தது பெரும்பாலும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரே.

நுழைந்த விதத்தையும் நோக்குக. உயர்தர வகுப்பு மாணவர்க்கு இலவசமாக வழங்குவதாக 2017ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்தது. அது நாடளாவிய திட்டமாக நிறைவேறவேயில்லை. எனவே கடல் கடந்து வாழும் மாமன் அனுப்பினால் உண்டு, தாயின் சங்கிலி அடகுக்குப் போனால் உண்டு. நானறிந்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு டப். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மூத்தவனுக்குக் காலை, இளையவனுக்கு மாலை. நடுவிலுள்ள பெண்பிள்ளைக்கோ சமைத்து, பாத்திரம் கழுவி, தம்பி உறங்கிய பின் எஞ்சும் நேரம். பயன்பாடுகளைப் பட்டியலிடும் விளம்பரங்களில் இந்த நேர அட்டவணையைக் காண இயலாது.

சரி, அப்பிள்ளைகள் அதில் என்ன செய்கின்றனர்? முதலாவது, பாடம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மழையில் நனைந்து கிழிந்த புத்தகத்துக்கு ஈடாக அவை உண்மையாகவே உதவுகின்றன. இரண்டாவது, யூடியூப் வகுப்புகள். இங்கே நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. விளங்காத கணக்கைப் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம் என்ற நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றுட் பல, தனியார் வகுப்புக் கொட்டகையின் பழக்கத்தை அப்படியே கண்ணாடித் திரைக்குள் கொண்டுவந்தவையே. வினா வரும், விடை வரும், மாணவன் பிரதி செய்வான். கவிதையைப் பற்றிய பாடத்தில் கவிதையை வாசிக்காமலே 'கவிஞர் கூறவந்த கருத்துகள் ஐந்து' மனப்பாடமாகிவிடும். அவன் நிறுத்தி வினவ இயலாது. இடையே வரும் சவர்க்கார விளம்பரத்தை மட்டும் பார்த்தே தீரவேண்டும். (இரவில் கிரிக்கெட் பார்ப்பதற்கு இதே திரையை நாடும் குற்றத்திலிருந்து எம்மையும் விடுவித்துக்கொள்ள முடியாது.)

எம் மனத்துக்கு உகந்த செயலிகளோ ஆரவாரமற்றவை. கிவிக்ஸ் என்பது ஒன்று. 2003இல் தொடங்கப்பட்டு, இ. மயூரநாதன் முதலானோர் ஊதியமின்றி வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பின்னர் சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். 2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது இதன் அருமை தெரிந்தது. அன்று மின்கலத்தில் எஞ்சிய ஒளியே வீட்டு விளக்காகவும் இருந்தது.

இனி, நாம் முதன்மையாகக் கருதும் பயனுக்கு வருவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை எல்லாரும் அறிவர். வன்னியின் வாசிகசாலைகளும் வீட்டு அலுமாரிகளும் 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் என்னவாயின என்பதற்கு அத்தகைய கணக்கு எதுவுமில்லை. அரிசி மூட்டையா, புத்தகப் பெட்டியா என்ற நிலையில் எவரும் பெட்டியைத் தூக்கவில்லை. தூக்கியவர்களும் வழியில் வைத்துவிட்டனர். இந்த வெறுமைக்குள்தான் 2005இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூல்நிலையம் வந்து சேருகிறது. ஈழத்து நூல்கள், இதழ்கள், விழா மலர்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எவரும் இலவசமாக வாசிக்கும்படி அது வைத்துள்ளது.

அவை படங்களாதலால் கைப்பேசியில் எழுத்து எறும்பாகிவிடுகிறது. பெருப்பித்தால் வரி அறுந்துபோகிறது. பத்து அங்குலப் பலகையிலோ ஒரு பழைய சஞ்சிகை ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே விரிகின்றது. 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கி, தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்ற 'மல்லிகை'யை, நகரத்திலே தரவிறக்கிக்கொண்டு வந்து, முழங்காவிலில் ஒரு பிள்ளை திண்ணையிலிருந்து வாசிக்கிறாள். சலூன் வைத்திருந்த ஒருவர் இலக்கிய இதழ் நடத்தினாரா என்று அவள் கேட்ட கேள்வி, எந்தப் பாடக் குறிப்பிலும் இடம்பெறாத இலக்கிய வரலாற்றை வகுப்பில் திறந்துவிட்டது.

குறைகளும் உள. படமாக உள்ள பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட வழியில்லை. பழைய அச்சின் ணா, றா, லை முதலிய வடிவங்களை இக்காலப் பிள்ளை தடுமாறியே கடக்கிறாள். அவற்றை எழுத்தாக மாற்ற முனையும் கணினியும் தடுமாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியை வாங்கிய கணமே திரையின் முகப்பில் விளையாட்டுகளும் கடைகளும் தாமாகவே வந்து நிற்கின்றன. நூல்நிலையத்தையோ ஓர் ஆசிரியர் கைகாட்ட வேண்டியிருக்கிறது. இலாபம் தேடுவோன் தன் பொருளை வாசலிலேயே பரப்புகிறான். ஊதியமின்றி உழைத்தோரின் செல்வம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கருவி நல்லதா தீயதா என்ற வாதத்தில் பொழுது போக்குவோர் இந்த வாசலையும் கொல்லையையும் பார்ப்பதில்லை.

வாசிப்பது மட்டும் போதுமா? மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் கைப்பேசிகளுக்கென வெளியிட்ட செல்லினம் இன்று டப்பிலும் தமிழ் எழுத உதவுகிறது. மேற்சொன்ன நடுவிற் பிள்ளை, சென்ற மாரியில், தன் அம்மம்மா இடப்பெயர்வின்போது கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போன தையல் இயந்திரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். இரவு பதினொரு மணிக்குப் பின் எழுதியது என்பது கோப்பின் நேரத்திலிருந்து தெரிந்தது. சந்திப் பிழைகள் நிறைய. முடிவு அவசரமாக இருக்கிறது, மின்கலம் தீர்ந்துவிட்டதாம். மிச்சத்தையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அந்த இயந்திரம் திரும்பக் கிடைத்ததா என்பதை அவள் இன்னும் எழுதவில்லை.