மைசூர்பாவும் இருபது லட்சம் டாலரும்

ஒரு கேள்வி. உங்கள் கம்பெனிக்கு சரக்கு சப்ளை பண்ணுகிறவர் தீபாவளிக்கு ஒரு கிலோ மைசூர்பா அனுப்புகிறார். என்ன செய்வீர்கள்? அ) வாங்கிச் சாப்பிடுவேன். ஆ) திருப்பி அனுப்புவேன். இ) மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஆபீஸில் எல்லோருக்கும் பங்கு வைப்பேன்.

‘இ’யை க்ளிக் செய்தீர்களா? பாஸ்! சர்டிஃபிகேட் வந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடி மைசூர்பா வரும்.

வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளையோ பெண்ணோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் (கோர்ட்டும் மத்திய சிறையும் பக்கத்திலேயே இருக்கிற ஏரியா!) மாடி ரூமில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கு வேலை செய்கிறவரும் இந்த லஞ்ச ஒழிப்புப் பாடத்தை முடித்தே ஆகவேண்டும். முடிப்பதாவது! ஒரு ஜன்னலில் வீடியோ தன்பாட்டுக்கு ஓடும். இன்னொன்றில் அவர் வேலை ஓடும்.

மைசூர்பாவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பாடம் முழுக்க கீழே இருக்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் என் புகார்.

சென்னையில் என்ன நடந்தது? காக்னிசன்ட் அங்கே 27 லட்சம் சதுர அடியில் ஒரு வளாகம் கட்டியது. 2014-ல் அதற்கான அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார். கட்டட கான்ட்ராக்டர் மூலமாகக் கொடுக்கச் சொல்லி கம்பெனியின் அப்போதைய பிரசிடென்ட் கார்டன் கோபர்னும் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டீவன் ஷ்வார்ட்ஸும் சம்மதித்தார்கள். பிறகு அந்தப் பணத்தைக் கூடுதல் கட்டுமான வேலை என்று கணக்கில் மறைத்தார்கள். இது 2019 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வைத்த குற்றச்சாட்டு. தானாகவே போய் விஷயத்தைச் சொன்ன கம்பெனி, ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. இருவரும் மறுத்தார்கள். 2025 பிப்ரவரியில் ட்ரம்ப், வெளிநாட்டில் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் 1977-ம் வருஷத்துச் சட்டத்தின் அமலாக்கத்தையே நிறுத்திவைத்தார். ஏப்ரலில் இருவர் மீதான கிரிமினல் வழக்கை அமெரிக்க அரசே கைவிட்டது. ஆகவே அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பணம் கேட்டதாகச் சொல்லப்பட்ட அதிகாரியின் பெயரோ அந்த அமெரிக்க ஆவணங்களில் கிடையவே கிடையாது.

ஆனால் குற்றச்சாட்டு சொல்கிற வழியைக் கவனியுங்கள். பேச்சு நடந்தது கம்பெனியின் உச்சியில். அந்தப் பேச்சில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர், சட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். நடுவில் ஒரு கான்ட்ராக்டர். மாடி ரூம் பிள்ளைக்கு இதில் எங்கே இடம்?

அப்புறம் எதற்கு இந்தப் பாடம்? மார்கன் ஸ்டான்லியின் சீன ரியல் எஸ்டேட் விவகாரத்தில் கார்த் பீட்டர்சன் என்ற அதிகாரி 2012-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கம்பெனி மேல் வழக்கு இல்லை. அமெரிக்க அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, அவருக்கு 7 தடவை பயிற்சி கொடுத்திருந்தார்கள், 35 தடவை நினைவுபடுத்தியிருந்தார்கள் என்பது. அத்தனை பயிற்சியும் பீட்டர்சனைத் திருத்தவில்லை, கம்பெனியைக் காப்பாற்றியது. நம் ஊர்ச் சட்டத்திலும் 2018-ல் திருத்தம் வந்தது. லஞ்சம் கொடுக்கிறவருக்கும் 7 வருஷம் வரை சிறை. வேறு வழியில்லாமல் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கம்பெனி, ‘தடுக்கப் போதுமான ஏற்பாடு வைத்திருந்தோம்’ என்று நிரூபித்தால் தப்பலாம். அந்த சர்டிஃபிகேட்டின் அருமை இப்போது புரிகிறதா?

நான் பார்த்தவரை இந்தப் பாடங்களில் இல்லாத வரி ஒன்று உண்டு. ‘அனுமதி மூணு மாசம் தள்ளிப் போனால் போகட்டும். உன் இன்க்ரிமென்ட்டில் கை வைக்க மாட்டோம்.’ இதை முதலாளி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நூறு வீடியோ வேண்டாம். தேதியும் தவறக்கூடாது, லஞ்சமும் கூடாது என்றால் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் என்னதான் செய்வார், சொல்லுங்கள்? கான்ட்ராக்டரைத்தான் கூப்பிடுவார்.

அதே மாடி ரூம் பிள்ளை லோன் போட்டு வீடு கட்டக் கிளம்பினால் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்த ஊரும்தான்) எஸ்டிமேட்டில் ‘அப்ரூவல் செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கும். அரசுக் கட்டணம் எவ்வளவு, மிச்சம் எதற்கு? ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க சார்.’ சாரும் பேசாமல் இருந்துவிடுவார். அன்று காலையில்தான் ‘இடைத்தரகர்கள்’ பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்!

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனிலேயே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அனுமதி வாங்கலாம். மேஜைக்கு எதிரே போய் நிற்க வேண்டியதில்லை. இதன் கீழ் வருகிற வீட்டுக்கும் உங்கள் எஸ்டிமேட்டில் அந்த மொத்தத் தொகை இருந்தால், ரசீது கேளுங்கள். அரசுக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு.