தணலுக்கு மாற்றாகுமா மேல் கம்பி?

காட்டேரிக்குப்பம், லிங்காரெட்டிப்பாளையம், திருக்கனூர் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இப்போது மிக்ஸிக்குப் பக்கத்தில் ஓர் ஓடிஜி அடுப்பும் இருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குக்காக வாங்கியது. அதற்குள் மேலே கம்பி, கீழே கம்பி. கேக்குக்கு இரண்டும் எரிய வேண்டும். மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு, அதற்கு மூன்று நான்கு விரல் கீழே மீனையோ கறியையோ வைத்துச் சுடுகிற வசதியும் அதே பெட்டியில் உண்டு. வாங்கியவர்களில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்களோ ஓட்டல் தந்தூரியை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையோடு போய், வெளியே கரிந்து உள்ளே வேகாத கோழியைப் பார்த்து மனம் விட்டுவிடுகிறார்கள். முறையில் குற்றமில்லை. எதை அதன் கீழே வைக்கிறோம் என்பதில்தான் பிழை.

நமக்குச் சுட்டுத் தின்பது புதிதல்ல. கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநராற்றுப்படையே பேசுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். விறகடுப்பு இருந்தவரை நம் வீடுகளிலேயே அது அன்றாடம் நடந்தது. உலை இறக்கியதும் மிஞ்சும் தணலில் கருவாட்டை வாட்டிக் கூழுக்குத் தொட்டுக்கொண்டார்கள். ஆடு அறுத்த அன்று சுவரொட்டி எனும் மண்ணீரலைத் தணலில் சுட்டு, இரத்தம் குறைந்த பிள்ளைக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் கொடுத்தார்கள். எரிவாயு வந்தது, 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பிறகு ஏழை வீடுகளுக்கும் வந்தது. புகையிலிருந்து பெண்களின் நெஞ்சைக் காத்த மாற்றம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தணலும் கூடவே போனது. சுட வேண்டியதெல்லாம் தோசைக்கல்லுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் மாறியது. கறி என்றால் குழம்பு அல்லது வறுவல், மீன் என்றால் குழம்பு அல்லது பொரியல் என்று நம் கைப்பக்குவம் சுருங்கிவிட்டது. மேல் கம்பியை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். தந்தூரி அடுப்பின் வேலையை அதனிடம் கேட்பது நியாயமில்லை. போன தணலின் வேலையைக் கேட்கலாம்.

செக்கச்சிவந்த கம்பி வெப்பத்தை நேராக வீசுகிறது. மேற்பரப்பின் ஈரம் முதலில் காய்கிறது. சூடு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பழுப்பும் சுட்ட வாசமும் வருகின்றன. குழம்பில் கொதிக்கும் கறி 100 டிகிரியைச் சுற்றியே நிற்பதால் இந்த வாசம் அதற்கு வராது. இப்படி மேலிருந்து வீசும் சூடு உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே விரல் கனத்துக்குள் இருப்பதும், தன்னிடமே கொழுப்பு உள்ளதும், நெடுநேரம் வேகத் தேவையில்லாததும்தான் இதற்கு ஏற்றவை.

இந்த மூன்றும் ஒன்றாக அமைந்தது கானாங்கெளுத்தி. குடல் எடுத்து, இருபக்கமும் சாய்வாகக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவி, முன்பே பத்து நிமிடம் சூடாக்கிய அடுப்பில் கம்பி வலைமேல் வையுங்கள். நான்காம் நிமிடத்தில் முதுகுத் தோல் சிறு கொப்புளங்களாக எழும்பும். கீறல்களின் ஓரத்தில் மீனின் சொந்த எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்து, அதிலேயே தோல் பொரியும். கண் வெள்ளையாகி வெளியே தள்ளும். திருப்பிப் போட்டு இன்னும் நான்கைந்து நிமிடம். முள்ளை ஒட்டிய சதை பளபளப்புப் போய் இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை. சட்டிக்கு முன் நின்று கையில் தெறிப்பு வாங்கவுமில்லை. மத்தியும் இப்படியே வரும். இறாலுக்கு நான்கைந்து நிமிடம் போதும், மீறினால் ரப்பராகிவிடும். வஞ்சிரத் துண்டுக்கு மேலே எண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் காய்ந்து போகும். ஏரிக் கெண்டையை இதில் வைக்காதீர்கள். அதன் சேற்று வாடைக்குப் புளிக்குழம்புதான் மருந்து.

மீனைப் பற்றி இன்னொன்று. காட்டேரிக்குப்பம் கடலை ஒட்டிய ஊர் அல்ல. கடல் மீன் வண்டியில் வந்துதான் சேர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கூடைக்கு வருவதில் ஐஸில் பல நாள் கிடந்ததும் இருக்கும். புளியும் மிளகாயும் அந்தப் பழமையை மறைக்கும். வெறும் உப்பு, மிளகோடு சுட்டால் மறைக்க எதுவுமில்லை. இதைக் குறை என்று சொல்வாரும் உண்டு. எனக்கு இது பெரிய நற்குணமாகவே படுகிறது: வாங்குகிறவரைச் செவுளைத் தூக்கிப் பார்க்க வைக்கிறது.

வெள்ளாட்டுக் கறியில்தான் இந்த முறை முழுதாகத் தோற்கிறது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு. நடமாடி மேய்ந்த ஆட்டின் தொடையிலும் முன்னங்காலிலும் இணைப்புத் திசு அதிகம். ஈரச் சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் அது இளகும். பத்து நிமிட உலர்சூட்டில் இறுகி, கடிக்க முடியாமல் போகும். அதைவிட முக்கியமானது வீட்டுக் கணக்கு. அரைக் கிலோ எலும்புக்கறி, வெங்காயமும் தக்காளியும் அரைத்த மசாலாவும் சேர்ந்து குழம்பாகும்போது ஏழெட்டுப் பேர் சோற்றுக்கு வருகிறது. எலும்பின் சாரம்கூட வீணாவதில்லை. அதே அரைக் கிலோவைச் சுட்டு வைத்தால் இரண்டு மூன்று பேருக்குத் தட்டில் நாலு துண்டு. சோற்றுக்கு ஊற்றிப் பிசைய எதுவுமில்லை, ரசம் தனியாக வைக்க வேண்டும். தலைக்கு ஒரு பெரிய துண்டு கறி கிடைக்கும் நாடுகளில் வளர்ந்த முறை இது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோவை நீட்டிச் சமைக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. நம் குழம்பைப் பின்தங்கியதாகவும் கிரில்லை நாகரிகமாகவும் பார்க்கிற பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. ஆட்டில் விதிவிலக்கு ஈரலும் சுவரொட்டியும். மெல்லியதாக நறுக்கி, நடுவில் சிவப்பு போகும்வரை சுட்டால் பழைய தணல் ருசிக்கு மிக அருகில் வரும்.

நாட்டுக்கோழியும் ஆட்டைப் போலத்தான், குழம்புக்கே விட்டுவிடலாம். ஆறேழு வாரத்தில் விற்பனைக்கு வரும் பிராய்லர் கோழியின் சதை மென்மையானது, சூட்டுக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் முழுத் தொடையை மேல் கம்பிக்குக் கீழே வைத்தால் தோல் கருகும்போதும் எலும்போரம் பச்சையாக இருக்கும். உள்சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம். எலும்பு நீக்கிய தொடைக்கறியைத் தட்டையாகப் பிளந்து, தயிரில் ஊறவைத்துச் சுடுவதே நல்ல வழி. மிளகாய்த்தூளை முதலிலேயே அப்பினால், கறி வேகுமுன் தூள் கருகிக் கசக்கும். அதைக் கடைசி மூன்று நிமிடத்துக்கு எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள்.

உடல்நலம் பற்றிய பேச்சில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். எண்ணெய் குறைவது உண்மை. கரி அடுப்பில் கொழுப்பு நெருப்பில் சொட்டி, அந்தப் புகை திரும்பக் கறியில் படிகிறது. புற்றுநோய் ஐயத்துக்குரிய சேர்மங்கள் அதிலே வருகின்றன. மேல் கம்பி முறையில் கொழுப்பு நெருப்பை விட்டு விலகிக் கீழே சொட்டுவதால் அந்தப் புகை குறைவு. அடித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் இன்னும் குறையும். ஆனால் கடுஞ்சூட்டில் சதை கருகும்போது உண்டாகும் தீய சேர்மங்கள் எந்த அடுப்பானாலும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியையே புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆகவே கருகிய ஓரத்தை ருசி என்று கொண்டாடாமல் வெட்டி எறிவதே சரி.

இனி மின்சாரம். 1,500 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மிக்ஸிக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகுவது ஆபத்து. கோடைச் சாயங்காலத்தில் வோல்ட்டேஜ் 200க்கு இறங்கினால் கம்பியின் சூடு வோல்ட்டேஜைவிட வேகமாகச் சரிகிறது: 1,500 வாட் சுமார் 1,130 வாட்டாகிவிடும், அதாவது கால் பங்கு போய்விட்டது. அப்போது மீன் சுடுவதற்குப் பதில் ஆவியில் அவிகிறது. செய்முறைப் புத்தகம் சொன்ன நிமிடக் கணக்கு பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். சமைத்தவரின் கையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் இந்தச் சூட்டில் வெடிக்கக்கூடும். அலுமினியத் தாள் கம்பியைத் தொடவே கூடாது.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. இந்தச் சமையல் ஆளைக் கட்டிப்போடுகிறது. குழம்பைச் சிறுதீயில் வைத்துவிட்டுத் துணி துவைக்கலாம். இதில் பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே இரண்டு நிமிடம்தான். சின்ன அடுப்பில் ஒரு தடவைக்கு மூன்று நான்கு மீன்தான் கொள்ளும். ஆறு பேர் வீட்டில் கடைசித் தட்டு இறங்கும்போது முதல் தட்டு ஆறிப்போயிருக்கும், சுட்டவர் கடைசியில் உட்கார்ந்து காய்ந்ததைத் தின்பார். அந்தக் கடைசி ஆள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முதல் தட்டைக் கொடுக்கிற வீட்டில்தான் இந்த முறை நிலைக்கும்.

அடுப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக் போடுங்கள். கோழியில் தொடங்காமல் புதிதாக வந்த கானாங்கெளுத்தியில் தொடங்குங்கள். இல்லாதவர்கள் இதற்காக மட்டும் ஒன்று வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.