சிறுவாடும் ராட்டினமும்

2007 மே மாதம் எங்கள் குடும்பம் முதன்முறையாகச் சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனது. அந்தப் பயணத்தை எங்கள் வீட்டில் இன்றும் 'அப்பா கூட்டிட்டுப் போனது' என்றுதான் சொல்வோம். அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். அதற்கான பணத்தைப் பத்து மாதமாகச் சேர்த்தவர் அம்மா. வேன் பேசியவர் அப்பா. பேசியவர் கூட்டிப்போனவர் ஆனார். சேர்த்தவர் கூடப் போனவர் ஆனார்.

குடும்பச் சுற்றுலாவுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது என்று பெண்கள் பத்திரிகைகளும் நிதி ஆலோசகர்களும் சொல்லும் யோசனைகளை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். தனி உண்டியல் வையுங்கள். தேவையற்ற செலவைக் குறையுங்கள். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கூட்டம் இல்லாத வார நாளில் போங்கள். இந்த வாக்கியங்களில் எதிலும் எழுவாய் கிடையாது. குறைப்பது யார், யாருடைய தேவை 'தேவையற்றது' ஆகிறது, வார நாளில் யாருக்கு விடுப்பு கிடைக்கும் என்று அவை சொல்வதில்லை. அந்த எழுவாயைத் தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எங்கள் ஊர் கடலூர் சிப்காட்டை ஒட்டியது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றங்கரையில், 1980களில் வந்த தொழிற்பேட்டை அது. மருந்து, பூச்சிமருந்து, சாயம் என்று பெரும்பாலும் ரசாயன ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் போன்ற ஊர்க்காரர்களுக்கு எந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மூக்கிலேயே தெரியும். 2004-இல் இந்தக் கிராமத்து மக்களே வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட ஊரில் 'வெளியூர் போய் நல்ல காத்து வாங்கிட்டு வரலாம்' என்று ஒரு பெண் சொன்னால், அதை வெறும் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்பா ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றுதான், நாள் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். அப்பாவுக்கு விடுப்பு என்றால் அன்றைய கூலி இல்லை என்று பொருள். சுற்றுலாச் செலவில் முதல் வரி நுழைவுச்சீட்டு அல்ல, இழந்த கூலி. எந்த ஆலோசகரின் பட்டியலிலும் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

அம்மா பணம் சேர்த்த வழி ஏலச்சீட்டு. எங்கள் தெருவில் பத்துப் பெண்கள், மாதம் 600 ரூபாய், பத்து மாதம். மாதா மாதம் சேர்கிற 6,000 ரூபாயை அவசரமாக வேண்டுபவர் தள்ளுபடிக்குக் கேட்டு எடுப்பார். தள்ளிய தொகையைப் பத்துப் பேருக்கும் பிரித்து அந்த மாதத் தவணையில் கழித்துக்கொள்வார்கள். அவசரம் இல்லாதவர் கடைசி வரை பொறுத்திருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். அம்மா கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தார்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. மூன்றாம் மாதம் ஒருவர் 900 ரூபாய் தள்ளி எடுத்திருக்கிறார். அம்மா அந்த மாதம் 510 மட்டும் கட்டியிருக்கிறார். 'அந்த அக்கா ஏன் அவ்வளவு தள்ளினாங்க?' என்று கேட்டேன். மகளுக்குப் பிரசவம், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். எங்களுக்கு மிச்சமான 90 ரூபாய் அங்கிருந்து வந்தது. இதைச் சொல்லும்போது அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. சீட்டைப் பெண்களின் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்வது நம்மிடையே வழக்கம். ஒற்றுமை உண்டு, மறுக்கவில்லை. அந்த 5,100 ரூபாய் அன்றைக்கு வேறெங்கும் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் ஒருத்தியின் அவசரம் இன்னொருத்தியின் ஆதாயமாகிற ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. ஏழைப் பெண்கள் தங்களுக்குள் கட்டிய வங்கியும் வங்கிதான்.

அந்த 600 ரூபாய் எங்கிருந்து வந்தது? 'தேவையற்ற செலவைக் குறைத்து' என்பது பத்திரிகை மொழி. எங்கள் வீட்டில் குறைக்கத் தேவையற்ற செலவு எதுவும் இல்லை. கேஸ் சிலிண்டரைப் பத்து நாள் கூடுதலாக இழுத்தார் அம்மா. வெந்நீரும் சோறும் பின்கட்டில் முள்விறகு அடுப்புக்குப் போயின. சிலிண்டரில் மிச்சமானது அம்மாவின் கண்ணெரிச்சலும், விறகு பொறுக்கிய நேரமும். மீன் வாங்கிய நாளில் துண்டுகள் அப்பாவுக்கும் எங்களுக்கும், குழம்பு அம்மாவுக்கு. தீபாவளிக்கு எடுத்த சேலைக்கு ரவிக்கை தைக்கவில்லை. முழங்கால் வலிக்கு வாங்கும் மாத்திரை இரண்டு மாதம் வாங்கப்படவில்லை. இதைச் சேமிப்பு என்று சொல்வது தவறு. சேமிப்பு என்றால் இன்றைய நுகர்வை நாளைக்குத் தள்ளிவைப்பது. அம்மா தள்ளிவைக்கவில்லை, ஒருவர் பங்கை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். அந்த மீன்துண்டு அவருக்குத் திரும்ப வரவே இல்லை.

இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். இன்பச் சுற்றுலா நாளை மட்டும் தனியாக எடுத்துக் கணக்கிட்டால் என்ன வரும் என்று நான் யோசிப்பதுண்டு. எங்கள் பயண நாளன்று அம்மா இரவு இரண்டு மணிக்கு எழுந்தார். மூன்று குடும்பம் சேர்ந்து பிடித்த வேன் அது. அத்தனை பேருக்கும் புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்பதால், தன் உழைப்பை வைத்துச் செலவைக் குறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பூங்கா வாசலில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார்கள். தூக்குகள் வேனுக்குத் திரும்பின.

நம் ஊர்க் கேளிக்கைப் பூங்காக்களில் இந்த விதி வெகு சாதாரணம். சுகாதாரம், குப்பை என்று காரணம் சொல்லப்படும். அதன் பொருளாதாரப் பொருள் வேறு. வீட்டில் கூலியில்லாமல் சமைக்கிற பெண்ணின் உழைப்புதான் குறைந்த வருமானக் குடும்பத்தின் உண்மையான மூலதனம். அந்த மூலதனம் செல்லாது என்று வாசலிலேயே அறிவிக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக, அதே சோற்றை உள்ளே பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டும். கேளிக்கைப் பூங்கா நுழைவுச்சீட்டுக்கான ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன் பலன் ஒரு குடும்பத்துக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுவிட முடியும். இரண்டு மணிக்கு எழுந்து கிளறிய புளிசோற்றுக்குக் கணக்கு கிடையாது.

மதியம் பசித்தது. அப்பாவிடம் இருந்த பணம் நுழைவுச்சீட்டுக்கும் நீர் விளையாட்டுக்குக் கட்டாயமான நைலான் உடையின் வாடகைக்கும் போய்விட்டது. அம்மா சற்று ஒதுங்கிப் போய், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து வந்தார். நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அப்பா கேட்டார்: 'இது எங்கேர்ந்து வந்துச்சி?' சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டார்.

அது சிறுவாடு. அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் நம் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கிற, கணவனுக்குத் தெரியாத சின்னப் பணம். 'பணத்தின் சமூக அர்த்தம்' பற்றி 1994-இல் நூல் எழுதிய சமூகவியலாளர் விவியானா செலிசர், வீடுகளுக்குள் எல்லாப் பணமும் ஒரே பணம் அல்ல, எங்கிருந்து வந்தது, எதற்கென்று ஒதுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது என்று காட்டினார். நம் பாட்டிமார் அந்த வேறுபாட்டுக்கு ஒரு தனிச்சொல்லே வைத்திருந்தார்கள். சிறுவாட்டின் மதிப்பு அதன் தொகையில் இல்லை, அது யாருக்கும் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. தெரிந்துவிட்டால் அது குடும்பப் பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் பெண்கள் இந்த வெளிப்படுத்தலுக்குத்தான் தள்ளப்பட்டார்கள். அம்மாவுக்கு அது ஒன்பது ஆண்டுகள் முன்பே ஒரு பூங்காவின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு 'உன்கிட்டதான் இருக்குமே' என்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்குச் சொல் ஆனது. அவர் அந்தப் பணத்தை எதற்கு வைத்திருந்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. சேலையோடு நீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் உடைக்கு இன்னொரு வாடகை. ஊர்க்காரர்கள் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதற்குத் தயக்கமும் இருந்தது. எங்கள் செருப்புகளையும் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்களுக்கான முழு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பை காத்தவர் அவர். அவர் மட்டுமல்ல, அந்தத் திண்டு முழுக்கப் பை காத்த பெண்கள்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலர், இது நுகர்வு வெறி, பூங்காவுக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்பார்கள். இந்த விமர்சனத்தை நான் ஏற்கவில்லை. ஏழைப் பெண் எதற்கு ஆசைப்படலாம் என்று முடிவு செய்கிற வேலையை மாமியாரும் ஊரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், நாமும் அதில் சேர வேண்டியதில்லை. தவிர, பூங்காவுக்குப் போக ஆசைப்பட்டவர் அம்மாதான். தொலைக்காட்சி விளம்பரத்தில் அலைக்குளத்தைப் பார்த்துவிட்டு, 'அதுல ஒரு தடவ நிக்கணும்' என்று சொன்னவர் அவர். பத்து மாதம் கழித்து அந்தக் குளத்தின் ஓரம் வரை போய், நிற்காமல் திரும்பினார். பூங்காவுக்குப் போனதில் தவறில்லை. போகிற செலவை ஒருத்தி தனியாகச் சுமந்தும், அந்த ஆசையில் அவளுக்குப் பங்கு கிடைக்காமல் போனதுதான் தவறு.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு வருகிறது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், வீட்டு உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான், அந்தச் சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் வீட்டுக்குள் பழைய கணக்கு புதிய எண்களோடு தொடர்வதையும் பார்க்கிறேன். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து எங்கள் தெருவில் மீண்டும் பூங்காப் பேச்சு. 'உன் ஆயிரம் இருக்கே, அத சேத்து வையேன்' என்கிறார்கள் கணவர்கள். உரிமை என்று பெயரிட்டு வந்த பணம் குடும்பத்தின் பொதுச் செலவுக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆணின் சம்பளத்தில் அப்படி ஒரு வரி தானாக ஒதுக்கப்படுவதில்லை. கட்டணமில்லாப் பேருந்து பூங்கா வரை போகாது. முன்பதிவுத் தள்ளுபடி வேண்டுமென்றால் போனும் யுபிஐ-யும் வேண்டும், அவை பெரும்பாலும் கணவன் சட்டைப் பையில் இருக்கின்றன.

எனவே சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கும் குடும்பங்களுக்கு என்னிடமும் சில யோசனைகள் இருக்கின்றன. நோட்டில் தொகையை மட்டும் எழுதாதீர்கள், யார் எதைக் குறைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மீன்துண்டு, மாத்திரை, பீடி, டீ எல்லாவற்றையும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கணக்கு தப்பு. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அம்மாவுக்கான நீர் உடையின் வாடகையையும் எடுத்து வையுங்கள். பையை முறை வைத்துக் காத்துக்கொள்ளுங்கள். சிறுவாடு பக்கம் யாரும் போகாதீர்கள், அது சுற்றுலாவுக்கான பணம் அல்ல.

போன மாதம் அம்மாவிடம் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். அந்தச் சுருக்குப் பைப் பணம் எதற்கு வைத்திருந்தாய் அம்மா? 'எதுக்குன்னு ஒண்ணும் இல்ல. கைல இருந்தா ஒரு தைரியம்' என்றார். பிறகு, புதிய பூங்காவில் அலைக்குளம் இருக்கிறதா என்று கேட்டார்.