தேசிங்கின் தாய்ப்பத்திரம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பஸ்ஸில், கோட்டை கண்ணில் படுவதற்கு முன்பே மனைப்பிரிவுப் பலகைகள் வந்துவிடுகின்றன. 'இங்கேருந்து பார்த்தா கோட்டை தெரியும் சார்' என்று தொடங்குகிறார் தரகர். கிணற்றில் தண்ணீர் உண்டா, மழை நீர் எங்கே வடியும் என்பதெல்லாம் பிறகு. குதிரையேறிய ராஜாவின் ஊரில் ரெண்டு சென்ட் வாங்குகிறவர் கதையிலும் ஒரு பங்கு வாங்குகிறார். 2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். இனி அந்தப் பங்கின் பேரம் இன்னும் சத்தமாக நடக்கும்.

விற்கப்படும் கதையைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். தேசிங்குராஜன் கதைப்பாடலின் மையம் குதிரை. டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்குகிற பையன் தேசிங்கு. அவனுடைய தகுதியை நிறுவுவது அந்தச் சவாரிதான். வரலாறு சொல்வது வேறு. பந்தேலா ராஜபுத்திரனான தேஜ்சிங், தந்தை சொரூப்சிங் இறந்தபின் செஞ்சியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் வரிப்பாக்கி கேட்டார். தேஜ்சிங் ஔரங்கசீப்பின் பர்மானைக் காட்டினான். அதைப் புதிய பாதுஷா உறுதிசெய்யவில்லை, ஆகவே செல்லாது என்றது ஆற்காடு. 1714இல் சண்டையில் அவன் இறந்தான். பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால்: தாய்ப்பத்திரம் இருந்தது, பட்டா பெயர் மாறவில்லை, பாக்கி நின்றது.

ஆக, ஒரு பட்டாத் தகராறைப் பாட்டு குதிரைக் கதையாக்கியது. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பர்மானைப் படிக்க வழியில்லாத ஜனங்கள், காகிதத்தைவிட ஒரு பையனின் சவாரியையும், அவனோடு சண்டைக்குப் போய் உயிரைவிட்ட முஸ்லிம் சிநேகிதனையும் பெரிதாக நினைத்தார்கள். இந்த வட்டாரத் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தன் காவல் நிற்கிறான். ராவுத்தன் என்றால் குதிரைவீரன். அதிகாரத்தின் ஆவணத்துக்கு எதிரே மக்கள் வைத்துக்கொண்ட ஆவணங்கள் இவை.

இன்றைய மனை வியாபாரம் இதைத் தலைகீழாக்குகிறது. குதிரைக் கதையை மறுபடி பத்திரமாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது கதையின் மௌனங்களும் சேர்ந்தே கிரயமாகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளோடு நாலாவதாக ஒரு சின்னக் குன்று உண்டு. பெயர் சக்கிலி துர்க்கம். தோல் இல்லாமல் சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. தோல் வேலையோடு பிணைக்கப்பட்ட சாதி குதிரைக் கதையில் இல்லை, குன்றின் பெயரில் மட்டும் நிற்கிறது. 1892இல் தலித்துகளுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தைப் பிற சாதியார் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்பது தமிழ்நாடு அறிந்த கதை. அதைப் பாட யாரும் குதிரையேறவில்லை.

இன்னொரு பக்கம், கோட்டையை ஒட்டியே குடியிருப்பவர்கள். 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். சட்டம் தேவைதான், அது இல்லாவிட்டால் கோட்டை மிஞ்சாது. ஆனால் மகளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு ரூம் சேர்க்க நினைக்கிறவர் கோட்டையின் சுமையைத் தாங்குகிறார். தூரத்தில் பலகை நட்டவர் அதன் பெயரில் லாபம் பார்க்கிறார். பாரம்பரியம் என்ற சொல் இந்த இருவரையும் ஒன்றாகப் பேசிவிடுகிறது.

மனை வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்று பார்ப்பார், பட்டா பார்ப்பார். பார்க்கட்டும். கூடவே, இந்த மண்ணை முன்னால் யார் உழுதார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். தரகரிடம் அதற்குப் பதில் இருக்காது. தாய்ப்பத்திரத்தில் பாதி இருக்கலாம். மீதியைத் தெரிந்துகொள்ள, பலகையைத் தாண்டி ஊருக்குள் நடந்து போய்க் கேட்க வேண்டியிருக்கும்.