அறையின் குரல்

வீட்டு ஸ்டீரியோவில் ஒலி சரியில்லை என்றால் ஒலிபெருக்கியை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். டிஜிடல் ஈக்வலைசர் அறையைத்தான் முதலில் சந்தேகிக்கிறது. உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து, மந்திரத்திலிருந்து தாரம் வரை ஒலி எழுப்பி, மிஞ்சியதை இறக்குகிறது, குறைந்ததை ஏற்றுகிறது. நல்ல யோசனை. ஆனால் அதற்குக் கிடைக்கிற புகழில் பாதிதான் நியாயம் என்பது என் கட்சி.

நாலு மீட்டர் நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப எட்டு மீட்டர். ஆகவே விநாடிக்கு 43 தடவை அதிரும் ஸ்வரம் அந்த அறைக்குச் சொந்தமாகிவிடுகிறது. மேல்நாட்டு டபிள் பேஸ் வாத்தியத்தின் அடித் தந்தி 41 தடவை அதிர்கிறது. அதற்கு அடுத்த ஸ்வரத்துக்குப் போனால், வாசிப்பவனைவிட அறை உரக்க வாசிக்கிறது! சுவரோரம் இருப்பவருக்குக் காது அடைக்கும். நடு அறையில் இருப்பவருக்கோ அந்த ஸ்வரம் பெரும்பாலும் காணாமலே போகும்.

சுவரோரக்காரருக்கு ஈக்வலைசர் உண்மையான உபகாரி. அந்த ஸ்வரத்தை இறக்கியதும் மூட்டம் விலகி, பக்கத்து ஸ்வரங்கள் தெளிகின்றன. நடுவில் இருப்பவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. பத்து டெஸிபல் ஏற்றினால் ஆம்பிளிபயர் பத்து மடங்கு சக்தி செலவிட வேண்டும். வந்த ஒலியும் அதே இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்துவது மேல். (நகர்த்த வீட்டில் சம்மதம் வாங்குவது வேறு விஷயம்.)

எதிரொலிக்கும் பெட்டியிடம் மருந்து இல்லை. 1895-ல் ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூடப் பிரசங்க மண்டபத்தில் சொன்ன சொல் ஐந்தரை விநாடி அடங்காமல் நின்றது. அதன்மேல் அடுத்த சொற்கள் வந்து விழுந்தன. வாலஸ் ஸாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியர், ஸாண்டர்ஸ் தியேட்டரின் ஆசன மெத்தைகளை இரவுகளில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதவைத்து, ஒலி ஓயும் நேரத்தை அளந்தார். மெத்தை சேரச் சேர ஒலியின் ஆயுள் குறைந்து, ஒரு விநாடியும் சொச்சமும் ஆயிற்று. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1900-ல் திறந்த பாஸ்டன் ஸிம்பனி ஹாலுக்கு அவர் யோசனை சொன்னார்.

மெத்தையையும் அதிகமாகப் புகழ வேண்டாம். 43 அதிர்வு ஸ்வரம் அதை லட்சியம் பண்ணாது. அங்கே பெட்டிதான் வேண்டும். மேல் ஸ்தாயியில் மட்டும் கம்பளமும் புத்தக அலமாரியும் பேசட்டும். பிறகு ஒன்று: மைக்கை ஒரே இடத்தில் வைத்து அளந்தால், திருத்தமும் அந்த ஒரு நாற்காலிக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்காரிக்கு வேறு கணக்கு.